எந்தப் பட்டன்டா தம்பி? கண்ணை மூடிக்கொண்டும் ஓட்டக்கூடிய வெப்சைட் கட்டும் வழி

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிக்கடை வைத்திருக்கும் ஒருவருக்கு நான் சைட் கட்டிக்கொடுத்து மூன்று வருடம் இருக்கும். நன்றாகத்தான் இருந்தது, அதாவது பார்க்க. பெரிய பெரிய படங்கள், மெல்லிய சாம்பல் எழுத்து, மேலே வலது ஓரத்தில் ஒரு சொல்கூட இல்லாமல் வெறும் கூடை, பூதக்கண்ணாடி, மூன்று கோடு. அதை எங்கள் தெரு அண்ணன் ஒருவரிடம் டீக்கடையில் பெருமையாகச் சொன்னேன். அவருக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர், போனை டாக்பேக் (திரையில் இருப்பதைப் படித்துச் சொல்கிற வசதி) வைத்து ஓட்டுவார், அது பேசுகிற வேகம் எனக்கு ரேடியோவில் ஸ்டேஷன் மாற்றுகிற சத்தம் மாதிரிதான் கேட்கும். லிங்க்கை அனுப்பச் சொல்லித் திறந்தார். விரலை வலப்பக்கம் தள்ளத் தள்ள அது சொன்னது: பட்டன். பட்டன். பட்டன். அப்புறம் ஏதோ ஒரு படத்தின் ஃபைல் பெயரை எண் எண்ணாக ஒப்பித்தது.

"இன்னா தம்பி, எல்லாத்தையும் பட்டன் பட்டன்னுது. எந்தப் பட்டன்டா?"

வேட்டி ஒன்று வாங்கலாம் என்று நினைத்தாராம். வாங்காமலே போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு டீயைக் குடித்தார்.

அதற்கப்புறம் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். அணுகல்தன்மை என்று தமிழில் அழகாகச் சொல்கிறார்கள், ஆபீசில் ஆக்ஸஸிபிலிட்டி என்கிறோம். அது ஏதோ தனியாகக் காசு வாங்கிக்கொண்டு கடைசியில் சேர்க்கிற ஐட்டம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் பிரவுசர் எல்லாவற்றையும் ஓரளவு சரியாகத்தான் செய்து வைத்திருக்கிறது, டிசைன் என்ற பெயரில் அதைக் கெடுப்பது நாம். கெடுக்காமல் விட்டாலே பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்குத்தான் கொஞ்சம் மூளையைச் செலவழிக்க வேண்டும்.

முதலில் உங்கள் சைட்டை நீங்களே கேளுங்கள்

புரோகிராம் கோடு எழுதுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள், பத்து நிமிடம் போதும். மவுசைப் பிடுங்கிவிடுங்கள். டேப் விசையை மட்டும் தட்டிக்கொண்டே போங்கள், பின்னால் வர ஷிஃப்ட்டோடு டேப், திறக்க என்டர் அல்லது ஸ்பேஸ். இப்போது எங்கே நிற்கிறீர்கள் என்று திரையில் தெரிகிறதா? பெரும்பாலும் தெரியாது, ஏனென்றால் நிற்கிற இடத்தைச் சுற்றிக் காட்டுகிற அந்த நீலக் கோடு அசிங்கமாக இருக்கிறது என்று யாரோ சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்றத்தை எழுதுகிற இடம்) அவுட்லைன் நன் என்று போட்டு வைத்திருப்பார்கள். அந்த யாரோ நான்தான், குறைந்தது ஐந்து சைட்டில். எடுத்துவிடுங்கள். மவுசில் தட்டும்போதெல்லாம் கோடு வருவது பிடிக்கவில்லை என்றால் ஃபோகஸ் விசிபிள் என்ற செலக்டர் இருக்கிறது (ஃபோகஸ் என்றால் கீபோர்டு இப்போது நிற்கிற இடம்), கீபோர்டில் வருகிறவருக்கு மட்டும் தடிமனாக ஒரு கோடு காட்டும்படி எழுதிவிடலாம். கை நடுங்குகிறவர்கள், ஒரு கை வேலை செய்யாதவர்கள், வாயில் குச்சி வைத்துத் தட்டுகிறவர்கள் எல்லோருக்கும் அந்தக் கோடுதான் வழிகாட்டி.

அடுத்து போன். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குள் ஆக்ஸஸிபிலிட்டி, அதற்குள் டாக்பேக். ஆன் செய்வதற்கு முன்னால் எப்படி ஆஃப் செய்வது என்று தெரிந்துகொள்ளுங்கள், இது மிக முக்கியம். இரண்டு வால்யூம் பட்டனையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கிற ஷார்ட்கட்டை அங்கேயே ஆன் செய்து வைத்துக்கொள்ளலாம். நான் அது தெரியாமல் வண்ணாரப்பேட்டை மெட்ரோவில் ஏறி உட்கார்ந்து டெஸ்ட் பண்ண ஆரம்பித்து, நிறுத்தத் தெரியாமல், வந்த மெசேஜையெல்லாம் அது பெட்டி முழுக்கக் கேட்கப் படித்துக்காட்ட, விம்கோ நகர் வரை தலையைக் குனிந்துகொண்டே போனேன். டாக்பேக் ஆனில் இருக்கும்போது ஒரு விரலால் வலப்பக்கம் தள்ளினால் அடுத்த பொருள், இருமுறை தட்டினால் திறக்கும், மேலும் கீழும் நகர்த்த இரண்டு விரல். ஐபோனில் இதே வேலையை வாய்ஸ்ஓவர் செய்கிறது.

கம்ப்யூட்டருக்கு என்விடிஏ, இதுவும் திரையைப் படித்துச் சொல்கிற ஸ்கிரீன் ரீடர்தான். விண்டோஸில் ஓடும், இலவசம். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006இல் எழுத ஆரம்பித்தது, ஜேம்ஸ் டே என்ற இன்னொரு பார்வையற்ற நண்பரும் சேர்ந்துகொண்டார். அப்போது நல்ல ஸ்கிரீன் ரீடர் என்றால் கம்ப்யூட்டர் விலையைவிட அதிகம் கேட்கிற காலம். அதில் எச் விசையைத் தட்டினால் தலைப்பு தலைப்பாகத் தாவும், பி தட்டினால் பட்டன் பட்டனாக. இன்சர்ட்டோடு எஃப்7 அழுத்தினால் பக்கத்தில் உள்ள லிங்க், தலைப்பு எல்லாம் பட்டியலாக வரும். அந்தப் பட்டியலைப் பார்த்ததும் உங்களுக்கே வெட்கமாக இருக்கும். எனக்கு "இங்கே கிளிக் செய்யவும்" என்று பன்னிரண்டு முறை வந்தது. எங்கே போக என்று யாருக்குத் தெரியும்? "சேலைகளின் விலைப்பட்டியல்", "கடைக்கு வரும் வழி" என்று லிங்க்கிலேயே போகிற இடத்தை எழுதுங்கள்.

டிவ்வைத் தூக்கிப் போடுங்கள்

பட்டன் என்றால் ஹெச்டிஎம்எல்லில் உள்ள பட்டன் டேக். டிவ் (அர்த்தம் எதுவும் இல்லாத வெறும் பெட்டி டேக்) ஒன்றை எடுத்து, ஓரத்தை வளைத்து, கலர் அடித்து, ஆன்கிளிக் மாட்டினால் பார்க்கிறவருக்கு அது பட்டன், ஸ்கிரீன் ரீடருக்கு அது சும்மா கிடக்கிற எழுத்து. டேப் விசை அதில் நிற்காது, என்டர் தட்டினால் ஒன்றும் நடக்காது. அதைச் சரிசெய்ய டேப் இன்டெக்ஸ், ரோல், கீபோர்டுக்குத் தனி கோடு என்று மூன்று ஒட்டுப் போட வேண்டும், அதற்குப் பதில் பட்டன் டேக் போட்டிருந்தால் எல்லாம் சேர்ந்தே வந்திருக்கும். வேறு பக்கத்துக்குப் போவது லிங்க், இருக்கும் இடத்திலேயே ஏதாவது செய்வது பட்டன், இந்த வித்தியாசத்தை மட்டும் குழப்பாதீர்கள்.

தலைப்பும் அப்படியே. எச்1, எச்2 என்பவை தலைப்பின் படிகளைச் சொல்கிற டேகுகள். பெரிய எழுத்து வேண்டும் என்பதற்காக எச்2 போடுவது, சின்னதாக வேண்டும் என்று நேராக எச்5க்குப் போவது, இரண்டும் தப்பு. நீங்கள் பக்கத்தைக் கண்ணால் மேய்கிறீர்கள் இல்லையா, அண்ணன் மாதிரி ஆட்கள் தலைப்பை வைத்து மேய்கிறார்கள். பக்கத்துக்கு ஒரு எச்1, அதன் கீழே எச்2, அதற்குள் எச்3, அளவு எப்படி வேண்டுமோ அதை சிஎஸ்எஸ்ஸில் பார்த்துக்கொள்ளலாம். மெனு நேவ் டேகுக்குள், முக்கியமான விஷயம் மெயின் டேகுக்குள். மேலே முதல் லிங்க்காக "நேராக விஷயத்துக்குப் போ" என்று ஒன்று வைத்து, அதை டேப் தட்டும்போது மட்டும் தெரிகிற மாதிரி ஒளித்து வையுங்கள். இல்லாவிட்டால் நாற்பது மெனு ஐட்டத்தையும் ஒவ்வொரு பக்கத்திலும் முதலிலிருந்து கேட்க வேண்டும்.

ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவியில் சைட் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பக்கம் மாறினாலும் உண்மையில் பக்கம் மாறுவதில்லை, அதனால் ஸ்கிரீன் ரீடர் ஒன்றுமே சொல்லாமல் நிற்கும். டைட்டிலை மாற்றுங்கள், ஃபோகஸைப் புதிய எச்1க்குக் கொண்டுபோங்கள். பாப்அப் வேண்டுமென்றால் டயலாக் டேகை ஷோ மோடல் வைத்துத் திறங்கள். பின்னால் இருக்கும் பக்கத்தைப் பூட்டுவது, எஸ்கேப் தட்டினால் மூடுவது, மூடியதும் திறந்த பட்டனுக்கே ஃபோகஸைத் திருப்புவது, மூன்றையும் அதுவே செய்கிறது.

இப்போது ஏரியா. நம்ம ஏரியா இல்லை, அது ஸ்கிரீன் ரீடருக்குக் கூடுதல் தகவல் சொல்ல ஹெச்டிஎம்எல்லில் போடுகிற ஏரியா. புதிதாகக் கற்றுக்கொண்டவர்கள் இதை உப்பு மாதிரி எல்லா இடத்திலும் தூவுவார்கள். அதன் முதல் விதியே என்ன தெரியுமா, சாதாரண டேக் இருக்கிற இடத்தில் ஏரியாவைப் போடாதே என்பதுதான். எனக்குத் தினமும் தேவைப்படுவது மூன்றுதான். ஐகான் மட்டும் உள்ள பட்டனுக்கு ஏரியா லேபிள், அதிலே "கூடை", "தேடு", "மெனு" என்று எழுதிவிட்டால் அண்ணனின் முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. தமிழ் சைட் என்றால் இதையும் தமிழிலேயே எழுதுங்கள், தீமோடு (வாங்கிய ரெடிமேட் டிசைனோடு) வந்த இங்கிலீஷ் சொற்களை அப்படியே விட்டால் தமிழ் பேசிக்கொண்டிருந்த குரல் நடுவில் திடீரென்று வேறு ஆள் மாதிரி பேசும். மெனு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று சொல்ல ஏரியா எக்ஸ்பாண்டெட். கூடையில் பொருள் விழுந்ததும் "வேட்டி கூடையில் சேர்ந்தது" என்று குரல் கொடுக்க ஏரியா லைவ். கண்ணுக்குத் தெரிகிறவருக்குக் கூடையின் மேலே சின்னதாக 1 என்று சிவப்பில் வந்துவிடும், தெரியாதவருக்கு யார் சொல்வது?

போனில் கேட்கிற வாடிக்கையாளருக்குக் கடைக்காரர் என்ன சொல்வார்

படத்துக்கு ஆல்ட் (படத்துக்குப் பதிலாக ஸ்கிரீன் ரீடர் வாசிக்கிற விளக்கம்) எழுதும்போது நான் வைத்திருக்கிற ஒரே சோதனை இது. போனில் ஒருவர் "என்ன சேலை இருக்கு" என்று கேட்டால் கடைக்கார அண்ணன் "படம்" என்று சொல்ல மாட்டார், "சேலை புகைப்படம் ஒன்று" என்றும் சொல்ல மாட்டார். "அரக்கு கலர் காட்டன், மயில் பச்சை பார்டர், முந்தியில கட்டம்" என்பார். அதுதான் ஆல்ட். ஒரு நாள் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் போனில் சொல்வதையெல்லாம் டைப் அடித்தேன், அறுபது சேலைக்கும் ஆல்ட் தயார். அதே வரியைத் தேடும்போது மாட்டுகிற மாதிரி பொருளின் பெயராகவும் வைத்துவிட்டோம் (அப்படிப் பெயரே முழுசாகச் சொல்லிவிட்டால் ஆல்ட்டில் மறுபடி அதையே எழுத வேண்டாம், இரண்டு முறை கேட்க நேரும்).

வெறும் அலங்காரத்துக்கு இருக்கிற கோலம், பூ, கோடு ஆகியவற்றுக்கு ஆல்ட்டைக் காலியாக விடுங்கள். காலியாக விடுவது வேறு, ஆல்ட்டே போடாமல் விடுவது வேறு. காலி என்றால் தாண்டிப் போகும், இல்லவே இல்லை என்றால் சில ஸ்கிரீன் ரீடர்கள் ஃபைல் பெயரை வாசிக்க ஆரம்பித்துவிடும், அண்ணன் போனில் நடந்தது அதுதான்.

ஆடித் தள்ளுபடி வந்தால் இன்னொரு தொல்லை வரும். வாட்ஸ்அப்புக்குச் செய்த போஸ்டரையே சைட்டிலும் தூக்கிப் போடச் சொல்வார்கள். எந்தத் தேதி வரை, எத்தனை சதவீதம், எந்தச் சேலைக்கு இல்லை, எல்லாம் படத்துக்குள் இருக்கும். போஸ்டர் இருக்கட்டும், அதன் கீழே அதே விஷயத்தை எழுத்தாக எழுதிவிடுங்கள். கூகுளும் அந்த எழுத்தைத்தான் படிக்கும் என்று சொன்னதும் கடைக்காரர் உடனே ஒத்துக்கொண்டார், பார்வையற்றவர்கள் என்று நான் பேசிய பத்து நிமிடத்துக்கு அவர் தலையாட்டியதோடு சரி.

காசிமேட்டு வெயில்

சாம்பல் எழுத்தின் கதைக்கு வருகிறேன். டிசைனர்கள் ஏசி ரூமில் பெரிய மானிட்டரில் ஃபிக்மாவைத் திறந்து வைத்துக்கொண்டு #999999 என்ற சாம்பலை வெள்ளையில் போடுவார்கள், அழகாகத்தான் இருக்கும். காசிமேட்டில் காலை ஏலம் முடிந்து வெயில் ஏறுகிற நேரத்தில், கீறல் விழுந்த போனில், ஈரக் கையோடு, பணம் வந்ததா இல்லையா என்று பார்க்கிற மீன்கார அக்காவிடம் அந்தப் பக்கத்தைக் காட்டிப் பாருங்கள். கையால் மறைத்து, கண்ணைச் சுருக்கி, கடைசியில் "நீயே பார்த்துச் சொல்லு கண்ணு" என்பார். அவருக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. உலக அளவில் எல்லோரும் பின்பற்றுகிற விதித்தொகுப்பு டபிள்யூசிஏஜி, முதலில் 1999இல் வந்தது, இப்போது நாம் பார்க்க வேண்டியது 2023 அக்டோபரில் வந்த 2.2. அதில் ஏ, ஏஏ, ஏஏஏ என்று மூன்று படி, பொதுவாகக் கேட்பது ஏஏ. அதன்படி சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் வித்தியாசம் குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும், பெரிய எழுத்துக்கு 3:1. வெள்ளையில் #999999 வெறும் 2.85தான். #777777 கூட 4.48, மயிரிழையில் பெயில். #767676 என்றால் 4.54, பாஸ். பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் கலரைத் தட்டினாலே இந்த எண்ணைக் காட்டுகிறது, தனியாக எதுவும் வாங்க வேண்டாம். நான் இந்த ஓரத்தில் நின்று விளையாடுவதே இல்லை, தமிழ் எழுத்துக்கு இன்னும் கறுப்பாகவே வைத்துவிடுகிறேன், காரணம் கீழே வருகிறது.

கலரை மட்டும் வைத்துத் தகவல் சொல்லாதீர்கள். பச்சைப் புள்ளி இருந்தால் ஸ்டாக் உண்டு, சிவப்பு என்றால் இல்லை என்று நான் வைத்திருந்தேன். சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாத ஆண்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம், கேரம் போர்டில் சிவப்புக் காயைத் தேடுகிறவரைப் பார்த்தால் தெரியும். "இருக்கிறது", "தீர்ந்துவிட்டது" என்று எழுதினால் முடிந்தது.

தொடுகிற இடத்தின் அளவு: 2.2 கேட்பது குறைந்தபட்சம் 24க்கு 24 பிக்சல், ஏஏஏ படியில் 44க்கு 44. பஸ்ஸில் நின்றுகொண்டு போனைத் தட்டுகிற எவருக்கும் 44தான் சரி. அப்புறம் வியூபோர்ட் டேகில் பெரிதாக்க முடியாதபடி பூட்டுகிற யூசர் ஸ்கேலபிள் நோ என்ற வரி, தயவுசெய்து தேடிப் பிடித்து அழியுங்கள். வெள்ளெழுத்து வந்த எங்கள் அம்மா இரண்டு விரலை விரித்து விரித்துப் பார்த்து, போன் ரிப்பேர் என்று நினைத்து சர்வீஸ் கடைக்கே கொண்டுபோய்விட்டார். எழுத்தை 200 சதவீதம் பெரிதாக்கினாலும் எதுவும் வெட்டுப்படக் கூடாது, 320 பிக்சல் அகலத்திலும் பக்கவாட்டில் உருட்டாமல் படிக்க முடிய வேண்டும், இந்த இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழுக்கென்று தனியாகச் சில வேலைகள்

இது இங்கிலீஷ் வழிகாட்டிகளில் கிடைக்காது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

முதல் விஷயம், ஹெச்டிஎம்எல் டேகில் லேங் என்ற ஒன்று இருக்கும். வாங்கிய தீமில் அது இங்கிலீஷ் என்று இருக்கும், நாம் பக்கம் முழுக்கத் தமிழைக் கொட்டினாலும் அதைத் தொட மாட்டோம். ஸ்கிரீன் ரீடர் அதை நம்பி இங்கிலீஷ் குரலை எடுத்துக்கொண்டு வரும், அந்தக் குரல் தமிழ் எழுத்தைத் தாண்டிப் போகும் அல்லது உளறும். தமிழுக்குரிய இரண்டெழுத்துக் குறியீட்டை, டி ஏ என்று, அங்கே போட்டால் என்விடிஏ தானாகத் தமிழ்க் குரலுக்கு மாறிக்கொள்ளும், அதோடு வருகிற ஈஸ்பீக்கிலேயே தமிழ் இருக்கிறது, ஆண்ட்ராய்டில் கூகுளின் தமிழ்க் குரல் இருக்கிறது. நடுவில் ஒரு பத்தி முழுக்க இங்கிலீஷ் வந்தால் அந்தப் பத்திக்கு மட்டும் இங்கிலீஷ் லேங் போடுங்கள். ஒரே வரியில் செய்கிற இந்த மாற்றம்தான் நான் இதுவரை செய்ததிலேயே அதிகப் பலன் தந்தது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதி வைத்தால் மட்டும் எந்தக் குரலாலும் ஒழுங்காகப் படிக்க முடியாது, அந்தப் பழக்கத்தை சைட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

இரண்டாவது, பாமினி. டிடிபி சென்டரில் அடித்துக் கொடுத்த மேட்டரைக் கிளையன்ட் அனுப்புவார், பாமினி ஃபான்ட் போட்டால் தமிழ் மாதிரி தெரியும், ஆனால் உள்ளே இருப்பது இங்கிலீஷ் எழுத்துகள்தான், தமிழ் வேஷம் கட்டியிருக்கின்றன. ஸ்கிரீன் ரீடர் வேஷத்தைப் பார்க்காது, உள்ளே இருப்பதைத்தான் வாசிக்கும், கேட்க முடியாது. எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீடான யூனிகோடில் தமிழ் 1991இலிருந்தே இருக்கிறது, தமிழ்நாடு அரசே 2010இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது, இன்னும் இந்தப் பழைய ஃபைல்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. மாற்றித்தரும் கன்வர்ட்டர்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, மாற்றிய பிறகு ஒரு முறை முழுவதும் படித்துவிடுங்கள், கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும்.

மூன்றாவது, எழுத்தின் உடம்பு. இங்கிலீஷில் 14 பிக்சலில் தெரிகிறது என்பதற்காகத் தமிழையும் 14இல் வைக்காதீர்கள். மெல்லிய சாம்பல் எழுத்தில் முதலில் காணாமல் போவது புள்ளிதான், கல் என்பது கல ஆகிவிடும். அடுத்து மேலே இருக்கிற சுழி, விடுக்கும் வீடுக்கும் வித்தியாசம் தெரியாது. நான் 17 அல்லது 18க்குக் கீழே போவதில்லை, வரி இடைவெளி 1.6க்குக் குறையாமல் வைக்கிறேன், இல்லையென்றால் உகரத்தின் கீழ் வளைவு அடுத்த வரியில் இடிக்கும், சில தீமில் வெட்டியே விடும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை எல்லாம் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாக இருக்கின்றன. சாய்வெழுத்து வேண்டவே வேண்டாம். பட்டனுக்கு அகலத்தை இத்தனை பிக்சல் என்று கட்டிப்போடாமல் பேடிங் மட்டும் கொடுங்கள், "கூடையில் சேர்" என்பது இங்கிலீஷ் சொல்லைவிட நீளம், அடைத்தால் பிதுங்கும்.

ஃபார்ம் என்ற முள்வேலி

ஆர்டர் கொடுக்க வந்தவரைக் கடைசி நிமிடத்தில் விரட்டுவது இங்கேதான். கட்டத்துக்குள்ளே சாம்பலில் "பெயர்" என்று எழுதினால் அது லேபிள் ஆகாது, டைப் அடிக்க ஆரம்பித்ததும் மறைந்துவிடும், நடுவில் போன் வந்து பேசிவிட்டுத் திரும்பினால் எந்தக் கட்டத்தில் எதைக் கேட்டார்கள் என்று ஞாபகம் இருக்காது. மேலே தெரிகிற மாதிரி லேபிள் டேக் போட்டு, அதன் ஃபார் மதிப்பையும் கட்டத்தின் ஐடியையும் ஒன்றாக வையுங்கள். லேபிளைத் தட்டினாலும் கட்டம் திறக்கும், விரல் தடித்தவர்களுக்கு அது ஒரு உபகாரம்.

தப்பு நேர்ந்தால் கட்டத்துக்குச் சிவப்பு பார்டர் அடித்துவிட்டு சும்மா இருக்காதீர்கள். "பின்கோடு ஆறு இலக்கம் இருக்க வேண்டும்" என்று பக்கத்திலேயே எழுதி, ஏரியா டிஸ்கிரைப்ட்பை வைத்துக் கட்டத்தோடு இணைத்து, முதல் தப்பு எங்கே இருக்கிறதோ அங்கே ஃபோகஸைக் கொண்டுபோங்கள். போன் நம்பருக்கு நடுவில் இடைவெளி விட்டாலும் முன்னால் +91 போட்டாலும் வாங்கிக்கொள்ளுங்கள், அதைக் கழிப்பதற்கு ஒரு வரி கோடு போதும், மனுஷனைத் திட்ட வேண்டியதில்லை. ஆட்டோகம்ப்ளீட்டை ஒவ்வொரு கட்டத்துக்கும் சரியாகக் கொடுத்தால் பெயர், விலாசம் எல்லாம் தானாக நிரம்பும், ஓடிபிக்கும் அதில் தனி மதிப்பு உண்டு.

ஓடிபி என்றதும் கோபம் வருகிறது. 30 நொடி டைமரை வைத்துக்கொண்டு, மெசேஜுக்குப் போய், எண்ணைக் கேட்டு, திரும்பி வந்து, கட்டத்தைத் தேடிப் பிடித்து டைப் அடிக்க ஸ்கிரீன் ரீடரில் எவ்வளவு நேரமாகும் என்று ஒரு முறை செய்து பாருங்கள். நேரத்தைக் கூட்டுங்கள், ஆறு இலக்கத்துக்கும் ஆறு தனிக் கட்டம் போடாமல் ஒரே கட்டம் வையுங்கள், பேஸ்ட் செய்வதைத் தடுக்காதீர்கள். வளைந்து நெளிந்த எழுத்தைப் படிக்கச் சொல்கிற கேப்ட்சா சின்னக் கடைக்குத் தேவையே இல்லை. மனிதர் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்தை ஒளித்து வைத்து, அதை எவன் நிரப்புகிறானோ அவன் ரோபோ என்று பிடித்துவிடலாம், அந்தக் கட்டம் ஸ்கிரீன் ரீடருக்கும் டேப்புக்கும் சிக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

தானாக நகர்கிற பேனருக்கு நிறுத்துகிற பட்டன் வையுங்கள், ஐந்து நொடிக்கு மேல் தானாக ஓடுகிற எதற்கும் அது கட்டாயம். அசைவு பிடிக்காது என்று போனில் செட்டிங் வைத்திருப்பவர்களுக்கு அசைவையே நிறுத்திவிட சிஎஸ்எஸ்ஸில் ரிட்யூஸ்ட் மோஷன் என்ற மீடியா குவெரி இருக்கிறது. வீடியோவுக்கு சப்டைட்டில். தானாக வருகிற தமிழ் சப்டைட்டிலை அப்படியே விட்டால் ரவிக்கை துணி எதுவாக வேண்டுமானாலும் மாறும், திருத்துங்கள்.

கிளையன்ட்டிடம் எப்படிப் பேசுவது

எம்.சி. ரோட்டுப் பக்கம் நிறைய கடைகளுக்கு வாசலில் இரண்டு மூன்று படி இருக்கும். ரோடு போடும்போதெல்லாம் ரோடு உயரும், மழைத் தண்ணீர் உள்ளே வரும் என்று படியும் உயரும். வீல்சேரில் யாராவது வந்தால் எங்கிருந்தோ ஒரு பலகையை எடுத்துச் சாய்த்துப் போட்டு நான்கு பேர் பிடித்துத் தள்ளுவார்கள். வெப்சைட்டிலும் அப்படி ஒரு பலகை விற்கிறார்கள். ஒரே ஒரு வரி கோடு ஒட்டினால் போதும், ஓரத்தில் சின்ன மனித உருவம் ஒன்று வரும், சைட் முழுக்கச் சரியாகிவிடும் என்பார்கள். ஆகாது. பெயரில்லாத பட்டனுக்குப் பெயர் என்ன என்று அதற்கு எப்படித் தெரியும்? செயற்கை நுண்ணறிவு வைத்து எந்த சைட்டையும் விதிப்படி மாற்றிவிடுவோம் என்று விளம்பரம் செய்த அப்படிப்பட்ட ஒரு நிறுவனத்துக்கு அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் 2025இல் 10 லட்சம் டாலர் கட்டச் சொல்லி உத்தரவிட்டது.

சட்டம் கேட்கிறவரிடம் சட்டத்தைப் பேசுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது, 2017 ஏப்ரல் 19இலிருந்து நடைமுறையில் இருக்கிறது, அரசு மட்டும் இல்லாமல் தனியாராகச் சேவை தருகிறவர்களையும் அது சேர்த்துத்தான் சொல்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடர்ந்த வழக்குகளில் தீர்ப்புச் சொன்னது. கேஒய்சிக்காகக் கேமரா முன்னால் கண்ணைச் சிமிட்டச் சொன்னால் சிமிட்ட முடியாதவர் என்ன செய்வார் என்பதுதான் அங்கே கேள்வி. டிஜிட்டல் வசதிகளை எட்டுகிற உரிமை 21ஆவது பிரிவின் வாழ்வுரிமைக்குள்ளேயே வருகிறது என்றது நீதிமன்றம்.

ஆனால் என் அனுபவத்தில் சட்டத்தைவிட வேலை செய்வது கடைக்காரரின் கையில் டாக்பேக் போட்ட போனைக் கொடுத்து, "உங்க கடையில ஒரு சேலை வாங்குங்க பார்ப்போம்" என்று சொல்வதுதான். கொட்டேஷனில் இதற்குத் தனி வரி போடவே போடாதீர்கள், போட்டால் முதலில் வெட்டுவது அதைத்தான். கதவு வைப்பதற்குத் தனி ரேட் எந்த மேஸ்திரியும் கேட்பதில்லை.

டூல்களை எவ்வளவு நம்பலாம்

சைட்டைத் தானாகச் சோதித்துப் பிழை சொல்கிற லைட்ஹவுஸ், ஆக்ஸ், வேவ் மூன்றுமே நல்லவை, இலவசம், ஓட்டுங்கள். வெப்எய்ம் என்ற அமெரிக்க அமைப்பு வருடாவருடம் 10 லட்சம் முகப்புப் பக்கங்களை இப்படித் தானியங்கியாகச் சோதிக்கிறது, 2025இல் 94.8 சதவீதப் பக்கங்களில் பிழை கிடைத்தது. பல வருடமாக முன்னால் நிற்பது அதே ஆறு பிழைதான்: மங்கலான எழுத்து, ஆல்ட் இல்லாத படம், லேபிள் இல்லாத கட்டம், காலி லிங்க், காலி பட்டன், லேங் போடாத பக்கம். மேலே சொன்னதை மட்டும் செய்தாலே ஆறையும் தாண்டிவிடுவீர்கள்.

ஆனால் மெஷின் ஆல்ட் இருக்கிறதா என்று பார்க்கும், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அதற்குப் புரியாது. எனக்கு ஒரு சைட்டில் லைட்ஹவுஸ் 100க்கு 100 கொடுத்தது, அறுபது சேலைக்கும் "சேலை" என்றே எழுதி வைத்திருந்தேன். ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸில்கூடப் போட்டேன்.

அதனால் கடைசியில் ஆள்தான் வேண்டும், தினமும் இப்படியே போன் ஓட்டுகிற ஆள். சரி செய்த சைட்டை எடுத்துக்கொண்டு மறுபடியும் அண்ணனிடம் போனேன். கூடை, தேடு, மெனு என்று அது சொல்லச் சொல்லத் தலையாட்டினார், எட்டு முழ வேட்டியைக் கூடையில் போட்டார், விலாசம் நிரம்பியது, பணம் கட்டினார். முடிந்தது என்று நான் எழுந்திருக்கும்போது "உட்காரு, கரை கலர் மாத்துற எடத்துல அது எதைச் செலக்ட் பண்ணியிருக்குன்னு சொல்லவே மாட்டேங்குது" என்றார். உண்மைதான், ரேடியோ பட்டன் போட வேண்டிய இடத்தில் வட்டம் வட்டமாக டிவ் வைத்திருந்தேன்.

இப்படிச் சோதித்துத் தருகிறவர்களுக்குக் காசு கொடுங்கள், டீ வாங்கிக்கொடுத்து அனுப்பாதீர்கள். அண்ணன் முதலில் வேண்டாம் என்றார். இரண்டு நாள் கழித்துப் போன் செய்து மணிக்கு இவ்வளவு என்றார். அது நான் வாங்குகிற ரேட்டைவிட நூறு ரூபாய் அதிகம். ஒவ்வொரு சைட்டுக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.